மனைவி, பிள்ளையோடு சேர்ந்தே போவதா, முதல் வருஷம் தனியாகப் போவதா?

புதுப்பயணி:
வணக்கம். ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎச்டி சேர்கிறேன், எஃப்-1 மாணவர் விசா. அதற்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கைக்கு வந்துவிட்டது. மனைவி ஒன்பது வருஷமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறாள். மகனுக்கு இரண்டரை வயது. குடும்பத்துக்கும் ஐ-20 வேண்டுமென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று கூடுதல் செலவுத் தொகையை வங்கிக் கணக்கில் காட்டச் சொல்கிறது பல்கலைக்கழகம். உதவித்தொகையில் அது அடங்காது. சேமிப்பைத் தொட்டால் காட்டிவிடலாம். சேர்ந்தே போகலாம் என்கிறாள் மனைவி. ஒரு வருஷம் தனியாகப் போய்க் காலூன்றிவிட்டுக் கூப்பிட்டுக்கொள் என்கிறார் அப்பா. இரண்டையும் அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரை:
தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். எஃப்-2வில், அதாவது எஃப்-1 மாணவரின் துணைக்கும் பிள்ளைக்கும் தரும் விசாவில், வருபவர் வேலை செய்யவே முடியாது. பகுதிநேரம், கேம்பஸ் வேலை எதுவும் கிடையாது. சமூகப் பாதுகாப்பு எண்ணும் தர மாட்டார்கள். உங்களுக்கு முதல் வருஷம் பாடங்கள், தகுதித் தேர்வு, வகுப்பு எடுக்கும் பொறுப்பு என்று மூச்சு முட்டும். அவர் நான்கு சுவருக்குள் இருப்பார். போன பிறகு எப்போது வேண்டுமானாலும் அவர்களுக்கு ஐ-20 வாங்கி எஃப்-2க்கு விண்ணப்பிக்கலாம், உங்களோடு ஒரே நாளில் போக வேண்டுமென்று விதி இல்லை. உங்களுக்கு முன்னால் அவர்கள் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

இருவரின் அம்மா:
இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் கணவரும் "ஆறே மாசம்" என்றுதான் போனார். ஆறு மாதம் இரண்டே கால் வருஷம் ஆயிற்று. முதலில் தேர்வு முடியட்டும் என்றார், பிறகு வழிகாட்டி மாறினார், பிறகு வீட்டு ஒப்பந்தம் முடியட்டும் என்றார். எல்லாமே நியாயமான காரணங்கள்தான், அதில்தான் ஆபத்தே இருக்கிறது. என் சின்னவன் வீடியோ அழைப்பில் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரையில் அப்பாவின் வாய்மீது வைத்து அழுத்துவான். அது கீழே விழுந்ததும் எடுத்து மறுபடி அழுத்துவான். அங்கே போய் இறங்கியபோது விமான நிலையத்தில் அவரிடம் போகாமல் என் போனைக் காட்டி "அப்பா" என்றான். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அதன் வாழ்நாளில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தம்பி, சேர்ந்தே போங்கள்.

வடகரை:
அக்கா, உங்கள் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மறுபக்கம் என் வீட்டில் நடந்தது. என் மனைவி கல்லூரி விரிவுரையாளர். நான் பிஎச்டி சேர்ந்தபோது வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். சான்றிதழ்களையெல்லாம் ஒரு நீலக் கோப்பில் போட்டுக் கைப்பையிலேயே கொண்டு வந்தார், பெட்டியில் போட்டால் தொலைந்துவிடும் என்று. அந்தக் கோப்பு நாலு வருஷம் அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. ஒருநாள் துடைக்க எடுத்தவர் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே திருப்பி வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளையின் ஏக்கம் சேர்ந்து வாழ்ந்தால் ஆறிவிடும். ஒன்பது வருஷ அனுபவம் உள்ளவரின் நாலு வருஷ இடைவெளியை எந்த நிறுவனம் மறக்கும்?

ஆய்வுக்கூடம்:
இருவரும் எஃப்-2வை மட்டும் வைத்தே பேசுகிறீர்கள். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசா என்று ஒரு வழி இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதில்தான் வருகிறார்கள். சொந்தப் பணம் அல்லாமல் பல்கலைக்கழகமோ வேறு அமைப்போ செலவில் பெரும்பகுதியைத் தருவதாக இருந்தால் பிஎச்டி மாணவரும் ஜே-1 கேட்கலாம். ஐ-20க்குப் பதில் டிஎஸ்-2019 தருவார்கள். அதில் மனைவிக்கு ஜே-2. ஜே-2வில் வந்து இறங்கிய பிறகு ஐ-765 படிவம் போட்டு வேலை அனுமதி அட்டை வாங்கினால் எந்த வேலையும் செய்யலாம். அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதுவரை ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. அந்தச் சம்பளம் ஜே-1 ஆளின் செலவுக்குத் தேவை என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள், நிராகரிப்பார்கள். குடும்பத்தின் பயணம், மனைவியின் தொழில், பிள்ளையின் தேவை என்று காரணம் எழுதுங்கள். நான் வந்தது இப்படித்தான். என் மனைவி எட்டாவது மாதம் வேலைக்குப் போனார்.

வடகரை:
நல்ல யோசனைதான், ஆனால் பின்விளைவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜே-1க்கு இரண்டு வருஷத் தாயக விதி வரலாம். வந்தால் ஜே-2க்கும் அதே கட்டுதான். இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்காமலோ விலக்கு வாங்காமலோ எச்-1பி வேலை விசா, பச்சை அட்டை எதற்கும் போக முடியாது.

ஆய்வுக்கூடம்:
எல்லோருக்கும் வராது. அரசுப் பணத்தில் வருபவர்கள், மருத்துவப் பயிற்சிக்கு வருபவர்கள், தங்கள் நாட்டுக்குத் தேவையானவை என்று அமெரிக்கா வெளியிடும் திறன் பட்டியலில் உள்ள துறையினர், இந்த மூன்று வகைக்குத்தான். 2024 டிசம்பரில் வந்த புதிய திறன் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே பல்கலைக்கழகப் பணத்தில் வரும் இந்திய மாணவருக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டு இல்லை. காப்பீடுதான் கவனிக்க வேண்டியது. ஜே-2 உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை ஈடு செய்யும் காப்பீடு இருந்தே ஆக வேண்டும். அதன் தவணையை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடகரை:
படிப்பு முடிந்த பிறகு? எஃப்-1இல் 12 மாதம் ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதி, அறிவியல் தொழில்நுட்பத் துறையென்றால் மேலும் 24 மாதம். ஜே-1 மாணவருக்குப் பயிற்சிக் காலம் 18 மாதம்தான். பிஎச்டி முடித்தவருக்கு முனைவர் பிந்தைய ஆய்வு என்றால்தான் 36 வரை போகும். தொழில் நிறுவனத்துக்குப் போக நினைக்கிற ஆளுக்கு அது பெரிய வித்தியாசம்.

குளிர்தேசம்:
நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையெல்லாம் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி 1க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், ஆய்வுப் படிப்பு மாணவரும் அரசு உதவித்தொகையில் வருபவரும்தான் குடும்பத்தை அழைக்க முடியும். சாதாரண முதுகலைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், முனைவர் பட்டம், 16 மாதத்துக்குக் குறையாத முதுகலை, சில தொழிற்படிப்புகள், இவற்றில் படிப்பவர்களின் துணைக்குத்தான் திறந்த வேலை அனுமதி.

இருவரின் அம்மா:
அவர் கையில் அமெரிக்க ஐ-20 இருக்கிறது சகோ, இனி நாடு மாற்றச் சொல்வது உதவாது. எஃப்-2வையும் சிறை மாதிரி வரைய வேண்டாம். 2015இலிருந்து எஃப்-2வில் இருப்பவர் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பகுதிநேரமாகப் பட்டத்துக்கே படிக்கலாம். நான் அப்படித்தான் தரவுப் பகுப்பாய்வில் இரண்டு பாடம் எடுத்தேன். பிறகு முழுநேர இடம் கிடைத்ததும் எஃப்-1க்கு மாறினேன். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் முழுநேரம் படிக்கலாம். 21 வயது வரை அவர்களுக்கு எஃப்-2 உண்டு.

புதுப்பயணி:
மனைவியின் நிறுவனம் அங்கிருந்தே வேலையைத் தொடரச் சொல்கிறது. எஃப்-2வில் அது சரியா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவையும் சேர்த்து அழைத்துப் போக முடியுமா?

ஆய்வுக்கூடம்:
அம்மாவுக்கு எஃப்-2வோ ஜே-2வோ கிடையாது. துணைவரும் பிள்ளைகளும் மட்டும்தான். அவர் பி-2 பார்வையாளர் விசாவில் வந்து போகலாம். வேலை விஷயத்தில், சம்பளம் எங்கே ஏறினாலும் உழைப்பு அமெரிக்க மண்ணில் நடக்கிறது. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். அவருடைய நிலை கெட்டால் பின்னால் விசா மாற்றும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும்.

வடகரை:
இதில் நான் ஆய்வுக்கூடத்தோடு உடன்படுகிறேன். இன்னொன்று. நான் தனியாகப் போகச் சொன்னது பிரிந்திருப்பது நல்லது என்பதற்காக அல்ல. ஜே-1 கிடைக்காவிட்டால், உங்கள் மனைவி சம்பளமில்லா விடுப்பு வாங்க முடியுமா பாருங்கள். வேலையை விடாமல் ஒரு செமஸ்டர் வந்து இருந்து பார்க்கட்டும். என் மனைவிக்கு அந்த வாய்ப்பை நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இருவரின் அம்மா:
இது நல்ல வழி. ஆனால் தம்பி, தேதியை இப்போதே எழுதி வையுங்கள். "சரியான நேரம் வரும்போது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

புதுப்பயணி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவி இங்கே உள்ளது அத்தனையும் படித்தாள். நீலக் கோப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. காலையில் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு, எஃப்-1க்குப் பதில் ஜே-1 தர முடியுமா, என் உதவித்தொகை அதற்குப் போதுமா என்று கேட்டு எழுதிவிட்டேன். படிப்பு முடிந்ததும் ஆய்விலேயே தொடரத்தான் ஆசை, அதனால் பயிற்சிக் காலம் எனக்குத் தடையில்லை. முடியாது என்றால் எஃப்-2தான், மூவரும் ஒன்றாக, அவள் ஆறு மாத விடுப்பில். அவள் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: பகுதிநேரம் என்றால் எத்தனை பாடம்?

இருவரின் அம்மா:
சேரும் படிப்புக்கு அந்தக் கல்லூரி முழுநேரம் என்று எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) வைத்திருக்கிறதோ அதற்குக் கீழே. இளநிலையில் பொதுவாக 12 முழுநேரம். முதுகலையில் பல இடங்களில் 9, ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேர்வதற்கு முன் அவரையே அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.