சின்தசைசரின் குமிழ்கள் எவ்வளவு காலம் உழைக்கும்? பழுதுபார்ப்பவனின் அனுபவம்

மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவிகளான சின்தசைசர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் கருவிகளில் பெரும்பாலும் ஒலியை உருவாக்கும் பகுதி நன்றாகவே இருக்கும். கைபடும் குமிழோ ஸ்லைடரோ பட்டனோதான் கெட்டிருக்கும்.

வாங்க வருபவர்கள் குமிழ் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்க்கிறார்கள். நான் அதைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். 1970இல் வெளிவந்த மினிமூக் என்ற சின்தசைசரில், குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்சியோமீட்டர்கள் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகங்கள்) முன்பலகையில் நட்டு போட்டு இறுக்கப்பட்டிருப்பதால், கையின் அழுத்தத்தைப் பலகையே தாங்கிக்கொள்கிறது. இன்றைய மலிவான கருவிகள் பலவற்றில் அந்த நட்டு கிடையாது; முழுப் பாரமும் சர்க்யூட் போர்டில் சால்டர் செய்த சிறு கால்கள் மீது விழுகிறது. அப்படிப்பட்ட ஒரு கருவியை மேடைக் கலைஞர் ஒருவர் கொண்டுவந்தார். ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழை இடப்பக்கம் அழுத்தினால் ஒலி சரியாக வந்தது, விட்டால் மங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஒரு காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் தெரிந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக சால்டர் வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் தாங்குவதற்கு நட்டு இல்லாதவரை அது மீண்டும் விரியக்கூடும் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

முடிவின்றிச் சுழலும் குமிழான என்கோடரின் கோளாறு வேறு வகையானது. அதனுள் இரண்டு தொடுமுனைகள் மாறி மாறி இணைந்து பிரிகின்றன. எது முந்துகிறது என்பதை வைத்தே சுழலும் திசை கணிக்கப்படுகிறது. முனைகளில் அழுக்கு சேர்ந்தாலோ அவை தேய்ந்தாலோ அந்தக் கணிப்பு பிசகி, வலப்பக்கம் திருப்பும்போதே எண் 60, 61, 62 என ஏறி, திடீரென்று 59க்கு இறங்கும். சுத்தம் செய்தால் சில காலம் ஓடும்; மாற்றிவிடுவதே நல்லது. எல்லா மெனுவையும் ஒரே என்கோடரை நம்பி அமைத்த கருவியில் இது பெருந்தொல்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இலும் மதிப்புகளை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடரும் இரண்டு பட்டன்களும்தான் என்பதால், பல குமிழ்களின் தேய்மானத்தை அந்த ஒரு ஸ்லைடரே சுமக்கிறது.

ரோலண்ட் ஜூனோ-106 போன்ற ஸ்லைடர் நிறைந்த கருவிகளுக்குத் தூசியே முதல் எதிரி. மேலே இருக்கும் நீண்ட பிளவுகள் வழியாக அது நேராக உள்ளே இறங்குகிறது. சொரசொரப்புச் சத்தம் கேட்டதும் கையில் கிடைத்த துருநீக்கியை அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து! அது உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிட, ஸ்லைடர் பிடிப்பின்றி வழுக்கத் தொடங்கும். ஸ்லைடர்களுக்கென்றே விற்கும், மசகு கலந்த கிளீனரை மட்டும் அளவாகப் பயன்படுத்துங்கள்.

மாற்றுப் பாகம் வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆசியத் தயாரிப்புகளில் பொதுவாக 'பி10கே' என்றால் திருப்புவதற்கேற்பச் சீராக ஏறும் 10 கிலோஓம் மின்தடை. 'ஏ' என்று தொடங்கினால் ஏற்றம் லாகரிதம் முறையில், அதாவது முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அமையும். குமிழ் செருகப்படும் தண்டு அரைவட்டமா பல்வெட்டு உள்ளதா என்பதையும் பாருங்கள். அது மாறினால் பழைய குமிழ் பொருந்தாது.