பேஸ் கிட்டாரைப் பிரித்து மேய்ந்தபோது நடந்ததில் இன்னும் உறுத்துவது எது? (ஒவ்வொரு பதிலின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

மரத்தூள்

என் பேஸின் நெக்கும் (கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து) பாடியும் நானே வெட்டியவை. 34 அங்குல ஸ்கேல், மேப்பிள் நெக், டபுள் ஆக்ஷன் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே ஓடும் தண்டு), ஒரே ஒரு ஸ்ப்ளிட் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள், இரண்டு பாதியாக). இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜி கம்பி, ஆறாவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), சி ஷார்ப் சுரம். தட்டினால் முழுசாக எழும்புகிறது, அடுத்த கணமே யாரோ உள்ளங்கையால் பொத்தியது போல அடங்கிவிடுகிறது. ஐந்தாவது ஃப்ரெட் கொஞ்சம் மந்தம். எட்டாவது பிரமாதம். ஃப்ரெட் தூக்கியிருக்கிறதா என்று ராக்கர் என்ற சின்ன மட்டக்கட்டை வைத்துப் பார்த்தாயிற்று, கம்பி மாற்றியாயிற்று, காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறதோ என்று பிக்கப்பை இறக்கியும் பார்த்தாயிற்று. ம்ஹூம்.

ஒரு ராத்திரி ஆம்ப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து அதே சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வீம்புதான், வேறென்ன. லேசாகத் திரும்பியதில் ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனி) மர அலமாரியின் கதவில் போய் முட்டியது. சி ஷார்ப் நின்றது! நின்றது மட்டுமில்லை, அலமாரியும் சேர்ந்து அதிர்கிறது, உள்ளே மாட்டிய ஹேங்கர்கள் எல்லாம் கிணுகிணுக்கின்றன. விலக்கினேன், செத்தது. முட்டவைத்தேன், பிழைத்தது. அடுத்த அறையிலிருந்து "மணி என்ன தெரியுமா?" என்று சத்தம் வரும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

அலமாரியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தடித்த கம்பி

ஆகியிருக்கிறதாவா! நாலு கம்பி பேஸில் ஜி கம்பியின் ஐந்திலிருந்து ஏழுக்குள் இது இல்லாத வாத்தியத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலை கூடியதிலும் உண்டு. நெக்குக்கென்று ஒரு அதிர்வு இருக்கிறது. சி ஷார்ப் அங்கே கிட்டத்தட்ட 139 ஹெர்ட்ஸ். நெக்கும் அதே வேகத்தில் ஆட விரும்பினால் கம்பியின் சக்தியை அது உறிஞ்சிக்கொள்ளும். அதே சி ஷார்ப்பை டி கம்பியில் பதினோராவது ஃப்ரெட்டில் வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகவே நிற்கும். அந்த இடத்தில் நெக் அவ்வளவு ஆடுவதில்லை.

என் கதை இதுதான். தச்சு வேலைக்கு வைத்திருந்த இரும்பு கிளாம்ப்பை ஹெட்ஸ்டாக்கில் இறுக்கினேன். செத்திருந்த சுரம் கணீரென்று எழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கீழே இறங்கி வாசித்துக்கொண்டு வந்தால் நாலாவது ஃப்ரெட் செத்துக்கிடக்கிறது. நேற்றுவரை உயிரோடு இருந்த ஃப்ரெட்! எடை கூடினால் நெக்கின் அதிர்வெண் இறங்குகிறது, சுரம் சாகிற இடமும் கூடவே இறங்குகிறது. எடை குறைந்த ட்யூனர் (ஹெட்ஸ்டாக்கில் கம்பியை முறுக்கும் திருகு) போட்டால் மேலே ஏறும். ஆக நோய் போகாது, வீடு மாறும். எந்த சுரத்தை பலி கொடுப்பது என்று நாம் முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று: நெக் பாக்கெட்டில் (நெக் பாடியில் உட்காரும் குழி) ஷிம் ஏதாவது, அதாவது கோணத்தை மாற்ற வைக்கும் மெல்லிய துண்டு, வைத்திருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பாதி சத்தத்தைத் தின்பதே அதுதான்.

ஈயப்புகை

என்னுடையது வேறு மாதிரி. கைமாறி வந்த ஒரு ஜாஸ் வகை பேஸ் (இரண்டு பிக்கப் உள்ளது). கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இரைச்சல் ஒரே மாதிரி இருந்தது, கம்பிகள் பாடியில் முடிகிற பிரிட்ஜுக்குப் போகிற எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று கண்ட்ரோல் பிளேட்டைத் திறந்தேன். உள்ளே வேலை அவ்வளவு அழகு. ஒவ்வொரு சால்டரும் பளபளவென்று, ஒயர்களைப் பின்னிக் கட்டி, குமிழ்களின் அடியில் இருக்கிற 250 கிலோ ஓம் பாட் மூன்றும் புதுசு. பிரிட்ஜ் ஒயர் விட்டுப்போகவில்லை. நறுக்கென்று வெட்டி, முனையில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சுருக்கி, மடக்கி ஓரமாக வைத்திருந்தார்கள்.

இவ்வளவு தெரிந்த கை, தெரியாமலா அதை வெட்டியிருக்கும்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பாடிக்கொண்டே வாசிப்பவர் கை வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறார். மைக் வேறொரு சிஸ்டத்தில் இருக்கிறது. இரண்டில் ஏதோ ஒன்றின் வயரிங் கோளாறாக இருந்தால், உதடு மைக்கைத் தொட்டதும் கரண்ட் ஆள் வழியாகப் போகும். அந்த மனிதருக்கு அப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும். லேசாகச் சுண்டியதா, தூக்கிப் போட்டதா, யாருக்குத் தெரியும். விற்றவரைக் கேட்டேன், அவருக்கும் முந்தைய கையைத் தெரியாது.

ஒயரை நேராக இணைக்க மனசு வரவில்லை. நடுவில் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு பேரலலாக 0.001 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்து இணைத்தேன். இரைச்சல் போனது. ஆனால் இப்போதும் மைக்குக்கு முன்னால் நின்றால் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

ஒன்பது வோல்ட்

ஈயப்புகை சார், மன்னிக்கணும், இது பொய்யான நிம்மதி. ஜாஸ் வகையில் கண்ட்ரோல் பிளேட் முழுக்க உலோகம், எர்த்தில் இருக்கிறது. கேபிள் சொருகும் ஜாக்கின் நட்டும் உலோகம். கம்பியில் ரெசிஸ்டர் வைத்துவிட்டு வால்யூம் குமிழைத் திருப்பும்போது விரல் பிளேட்டில் பட்டால்? பேஸை மாற்றி என்ன பயன், கோளாறு சுவரில் இருக்கிறது. சாக்கெட் டெஸ்டர் ஒன்றை கிட்டார் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆம்ப்பையும் மைக் மிக்சரையும் ஒரே லைனில் சொருகுங்கள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இடத்தில் வாசிக்காதீர்கள். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு "இரைச்சல் போயிடுச்சு" என்று சிரிக்கிறவர்களோடு பேசவே பேசாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. சிங்கிள் காயில் (ஒரே சுருள்) பிக்கப் ஒன்றை மட்டும் திறந்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகத் திரும்பினேன். இரைச்சல் ஏறியது, இறங்கியது, ஜன்னலுக்கு முதுகு காட்டிய ஒரு திசையில் சுத்தமாக இல்லாமலே போனது. அந்த ஒரு திசை எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அதிலிருந்து சொல்கிறேன், பேஸின் உள்ளே காப்பர் டேப் ஒட்டினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். டேப் தடுப்பது மின்புலத்தை, டிம்மர் லைட்டின் 'ஸ்ஸ்ஸ்' மாதிரியான சத்தத்தை. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அதற்குள் சாதாரணமாக நுழையும். அதற்கு மருந்து, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்த இரண்டு காயில்கள். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமும் முழுசாக இருந்தால் இரைச்சல் அடங்குவதும், ஒன்றை இறக்கியதும் திரும்ப வருவதும் அதனால்தான். ஸ்ப்ளிட் பிக்கப்பில் இந்தத் தொல்லையே இல்லை, ஃபெண்டர் கம்பெனி 1957இலேயே முடித்துவிட்டார்கள். டேப் ஒட்டியே தீருவேன் என்றால் பசையும் கரண்ட் கடத்துகிற வகையா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பொட்டு சால்டர் வையுங்கள். மல்டிமீட்டரில் மூலைக்கு மூலை தொட்டுப் பாருங்கள். ஜாக்கின் டிப் பட்டை டேப்பில் உரசினால் சத்தமே வராது, அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப். உள்ளே ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்) வைக்கிறவர்கள் ஸ்டீரியோ ஜாக் போடுங்கள், பேட்டரியின் கறுப்பு ஒயர் ரிங்குக்கு. கேபிளைச் சொருகினால் மட்டும் பேட்டரி வேலை செய்யும்.

ஃப்ரெட்லெஸ் பைத்தியம்

யாரும் கேட்காத கேள்விக்கு இவ்வளவு நீளப் பதிலா, ஒன்பது வோல்ட் அண்ணா! சரி, என் பங்கு.

பேஸை ஃப்ரெட்லெஸ் ஆக்க ஃப்ரெட் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். சால்டரிங் அயர்னை ஃப்ரெட் மேல் வைத்துச் சூடாக்கி, வாய் மட்டமாகத் தேய்த்த கட்டர் கொண்டு ஓரத்திலிருந்து நகர்த்தி நகர்த்தி. அவசரப்பட்டால் ரோஸ்வுட் சில்லாகப் பெயரும். பிடுங்கப் பிடுங்க நெக் தளர்வதையும் பார்த்தேன். ஆப்பு மாதிரி இறுகியிருந்த அடிப்பகுதிகள் போனதும் காலிப் பள்ளங்கள்தானே மிச்சம். மேப்பிள் வெனீரை ஒட்டி நிரப்பிய பிறகுதான் விறைப்பு திரும்பியது.

அந்த பேஸ் எனக்கும் தம்பிக்கும் பொது. அவனிடமும் கேட்டுத்தான் ஆரம்பித்தேன், "ம்" என்றான். எல்லாவற்றையும் பிடுங்கித் தட்டில் வைத்திருந்தபோது வந்தான். ஒரு ஃப்ரெட்டை எடுத்து விரலில் வளைத்துப் பார்த்தான். "அப்போ நான் இதுவரைக்கும் கத்துக்கிட்டதெல்லாம்?" என்றான். நான் ஏதோ ஃப்ரெட்லெஸ் மேதை ஜேக்கோ பாஸ்டோரியஸ் பற்றி அளந்தேன், அவருடைய 1962 ஜாஸ் பேஸ், படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பலகையில் பூசியது, எல்லாம். அவன் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும். ஃப்ரெட் இருந்த இடத்தில் கோடு தெரிகிறதே, அதைப் பார்த்து வாசி என்றேன். முயன்றான். ஃப்ரெட்டுக்கு சற்றுப் பின்னால் விரல் வைத்துப் பழகிய கை, கோட்டுக்கு நேர் மேலே வைக்க மறுத்தது. எல்லா சுரமும் ஒரு மயிரிழை இறங்கியே வந்தது. இப்போது அவன் கீபோர்டு வாசிக்கிறான், நன்றாகவே வாசிக்கிறான்.

ஈயப்புகை

ஒன்பது வோல்ட், பிளேட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் வாசிக்கப் போகிற இடத்தில் சுவருக்குள் யார் ஒயர் இழுத்தார்கள் என்பது என் கையில் இல்லை. ரெசிஸ்டர் இருக்கட்டும். டெஸ்டரும் வாங்கிவிடுகிறேன்.

பழைய ட்யூனர்

தடித்த கம்பி சொன்ன ஷிம் விஷயத்துக்கு வருகிறேன். "தூக்கி எறியுங்கள்" என்று இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் ஐயா. நான் வாங்கிய ஒரு பேஸின் நெக்கைக் கழற்றினேன். பாக்கெட்டின் பின்பக்கம் மடித்த அட்டைத்துண்டு, அதன் மேல் பென்சிலில் "எடுக்காதே". எடுத்தேன். யார் எடுக்காமல் இருப்பார்கள்? திரும்ப மாட்டினால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில்கள் நாலும் அடித்தளத்தைத் தொட்டும் கம்பி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மலையாக நிற்கிறது. ட்ரஸ் ராட் சரியாகத்தான் இருந்தது, ஏழாவது ஃப்ரெட்டில் 0.3 மி.மீ. வளைவு, அதைத் திருகிப் பயனில்லை. கோணம்தான் பிரச்சினை. முன்பின் தெரியாத அந்த ஆசாமிக்கு இது எல்லாம் தெரிந்திருந்தது, எனக்கும் சேர்த்து எழுதிவைத்திருந்தார்.

சத்தத்தைத் தின்கிறது என்கிறீர்கள். ஷிம்மோடும் ரெக்கார்ட் செய்தேன், பிறகு அதே சரிவில் சீவிய முழு மரத்தகட்டோடும் ரெக்கார்ட் செய்தேன். கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை, உங்கள் காது வேறாக இருக்கலாம். ஃபெண்டரே பல வருஷம் தொழிற்சாலையில் ஷிம் வைத்து அனுப்பியவர்கள்தான். 1970களில் வந்த மூன்று போல்ட் ஜாஸ் பேஸில் இந்தச் சாய்வைத் திருத்தவே தனியாக ஒரு ஸ்க்ரூ உண்டு. அட்டையில் எனக்கு ஒரே ஒரு குறைதான் தெரிகிறது, பாக்கெட்டில் காலி இடம் விட்டு நெக்கை இறுக்கினால் நாளடைவில் கடைசி ஃப்ரெட்டுகள் பக்கம் மேடு விழும் என்பார்கள். அந்த பயத்தில்தான் முழு நீளத் தகடு சீவினேன். ஒரு முனையில் 0.5 மி.மீ., மறுமுனையில் ஒன்றுமில்லை. இழைப்புளியால் அதைச் சீவுவது நெக் செய்வதைவிடக் கஷ்டம். மட்டமான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, தகட்டின் ஒரு ஓரத்தின் கீழ் டேப் அடுக்கித் தேய்த்துப் பாருங்கள், அது சுலபம்.