ஆவணப்படத்துக்குச் சத்தமும் படமும் ஒட்டவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

கொக்குவிலில் எங்கட பெடியள் ஒரு ராக் அல்பம் பதிவு செய்கிறார்கள், எட்டுப் பாட்டு, நான் அதை ஆவணப்படமாக எடுக்கிறேன். மூன்று வாரமாகப் படப்பிடிப்பு. சத்தம் தனி ரெக்கோர்டரில், 48 கிலோஹெர்ட்ஸ். முதல் கமரா விநாடிக்கு 25 பிரேம் (படம்), அதில் பிரச்சினையே இல்லை. இரண்டாவது கமரா என்ர போன், 30 பிரேம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தது, அதுதான் படுத்துகிறது.

தொடக்கத்தில் கைதட்டி ஒட்டினால் சரியாக நிற்கும். 20 நிமிடம் தாண்ட, சிம்பலில் குச்சி விழ முன்னமே சத்தம் கேட்கிறது, 40 நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு விநாடி வித்தியாசம். ஒரே சீராக விலகினால் வேகத்தை மாற்றிச் சமாளித்திருப்பேன், இது நடுவில் கூடிக் குறைந்து வருகிறது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் சத்தத்தின் அலைவடிவத்தை வைத்து ஒட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றியும் பார்த்தேன் (ஒரு இரவு முழுக்க ஓடினது, இடையில் கரண்ட் போய் திரும்பவும் முதலில் இருந்து), கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை. திரும்ப எடுக்கவும் ஏலாது, டிரம்ஸ் பதிவு முடிந்துவிட்டது.

போன் படத்தைப் பாட்டுப் பாட்டாக வெட்டித் தனித்தனியாக ஒட்டுவதைத் தவிர, முழு டேக்கையும் ஒரேயடியாகச் சரிக்கட்ட வழி இருக்கிறதா?