மேனேஜருக்கும் ஒரு காப்பி போட்ட மெயில்

கூட வேலை பார்த்த ஒருவரை நோகடித்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

அவர் மாதக் கணக்கை எடுத்துத் தருவார், அதை வைத்து நான் அறிக்கை தயாரிப்பேன். ஒரு மாதம் ஒரு வரிசையை இரண்டு தடவை கூட்டிவிட்டார். எழுந்து நாலடி நடந்திருந்தால் அவர் இருக்கை. நான் நடக்கவில்லை, மெயில் போட்டேன். "போன மாதமும் இதையே சொன்னேன்" என்று ஒரு வரி வேறு. சிசியில் மேனேஜர். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை கூட.

"சரிசெய்துவிட்டேன்" என்று பதில் வந்தது. சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. காலையில் வந்ததும் இரண்டு வார்த்தை பேசுவோமே, அது மட்டும் நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து, என் அறிக்கை தப்பான மொத்தத்தோடு மேலே போனது. அவர் அதை முந்தின நாளே பார்த்திருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், அந்த மெயிலை நானே திரும்ப எடுத்துப் படித்தேன்.

வெகுநாள் கழித்து ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளரின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1990களில், ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பார்த்திருக்கிறார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கில் அங்கேதான் அதிகம். அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, செய்ததை ஒளிக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். மற்ற இடங்களில் திட்டு விழும் என்று வாயைத் திறக்கவில்லை. திட்டு விழுமோ என்ற பயமில்லாமல் தவறைச் சொல்ல முடிவதை, 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'உளவியல் பாதுகாப்பு' என்று பரவலாகப் பேசுகிறார்கள். எங்கள் இரண்டு மேசைக்கு நடுவே இருந்த அதை நான் ஒரே மெயிலில் உடைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டதையும் முதல் தடவை சொதப்பினேன். "உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருந்தால் மன்னியுங்கள்" என்றேன். அதில் என் தவறு எங்கே இருக்கிறது? தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் தடவை, "மேனேஜரைச் சேர்த்து அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். "ஆமாம்" என்றார். 'பரவாயில்லை' என்று சொல்லாமல் விட்டதற்கு இன்றும் அவரை மதிக்கிறேன்.

* * *

உங்கள் மெயில் கதையைப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவு வருகிறது. க்ரூகர், எப்லி என்ற ஆய்வாளர்களும் அவர்களுடன் சிலரும் 2005இல் எழுதியது: நாம் கேலியாக எழுதினோமா, நிஜமாகவே எழுதினோமா என்பது மெயிலைப் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று நாம் நம்புகிற அளவுக்கு அவர்களுக்குப் புரிவதில்லை. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, படிப்பவருக்கு எழுத்து மட்டும்தானே. எனக்கு ஒருவர் எப்போதும் "ஓகே." என்று முற்றுப்புள்ளியோடு அனுப்புவார். என்மேல் கோபம் என்றே ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர் எல்லோருக்கும் அப்படித்தான்.

* * *

எனக்கு நடந்தது வேறு. அப்பா இறந்து இரண்டு வாரம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். "எதுவானாலும் சொல்லுங்கள்" என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கிற நிலையிலேயே நான் இல்லை. அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு அக்கா வந்து, "உங்கள் வேலையில் மூன்றை நான் முடித்துவிட்டேன், இரண்டு இருக்கிறது. அதுவும் அடுத்த வாரம் போதும், கேட்டுவிட்டேன்" என்றார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியம் அவரே, "அப்பா பெயர் என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

* * *

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் டீமில் 'நல்ல பிள்ளை' நான். யாருக்கு லீவு வேண்டுமானாலும் அந்த ஷிஃப்ட் எனக்கு வரும். முதலில் கேட்டார்கள், அப்புறம் சொன்னார்கள், கடைசியில் அட்டவணையில் போட்டுவிட்டு ஒரு ஸ்மைலி அனுப்பினார்கள். உள்ளே வெறுப்பு வளர, வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன். அதை அன்பு என்று எப்படிச் சொல்வது? ஒருநாள், "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் ஒரு நாள் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். இருவர் முகத்தைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும், "நீங்கள் லீவே எடுப்பதில்லையே, ஒரு நாள் நான் பார்க்கிறேன்" என்றார். அவரோடுதான் இன்றும் நட்பு.

* * *

முதலில் எழுதியவன்தான். பிறகு என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் நெருங்கிய நண்பர்களாகிவிடவில்லை. ஆனால் போன மாதம் அவர் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நாலாவது பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்" என்றார். பார்த்தேன். தேதி தப்பு.