கிரெடிட் கார்டில் பந்தயப் பணம்: கேஷ் அட்வான்ஸ் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, ஒரு விவரம் தேவை. பந்தய ஆப்பில் கிரெடிட் கார்டு வழியாகப் பணம் போட்டால், சூதாட்டத்துக்கான 7995 என்ற வணிகக் குறியீட்டைப் பார்த்துப் பல வங்கிகள் அதைக் கேஷ் அட்வான்ஸாக, அதாவது கார்டில் ரொக்கக் கடன் எடுத்ததாக, எழுதிவிடுகின்றன. பல கார்டுகளில் கட்டணம் 5 சதவீதம் அல்லது 10 டாலர், எது அதிகமோ அது. 20 டாலர் போட்டாலும் 10 டாலர் போய்விடும், பெரிய அநியாயம். வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும், பில் தேதிவரை சலுகை கிடையாது.

முதல் தடவை என்று சொல்லி இதை யாராவது தள்ளுபடி வாங்கியிருக்கிறீர்களா? போனிலா, சாட்டிலா? கேஷ் அட்வான்ஸ் வரம்பைப் பூஜ்ஜியமாக்க எந்த வங்கி சம்மதிக்கிறது? அப்படி மாற்றியபின் அடுத்த டெபாசிட் மறுக்கப்பட்டதா, கட்டணத்தோடு போனதா? தெரிந்தவர்கள் கார்டின் பெயரோடு சொல்லுங்கள்.