மாடித்தோட்ட குழுவுக்கு ரூல்ஸ் எழுதணும், எதெல்லாம் போடலாம்?

கீரைப்பாத்தி:
வணக்கம் மக்களே. எங்க ஏரியா மாடித்தோட்ட குழுவுக்கு என்னைய அட்மினா போட்டுட்டாங்க, பழைய அட்மின் வேலை மாறி பெங்களூரு போயிட்டாரு. முன்னாடி அம்பது அறுபது பேர் இருந்தப்ப ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, ரூல்ஸ்னு ஒண்ணு தேவையே படல. இப்ப ஆயிரத்த தாண்டிடுச்சு. காலைல எழுந்து பாத்தா குட்மார்னிங் படம், சாமி படம், நடுவுல "ஹெல்ப் அவசரம்!!!!" னு ஒரு பதிவு, உள்ள போனா "செடி வாடுது என்ன பண்றது" அவ்ளோதான், என்ன செடின்னு கூட இல்ல. யாராவது என்ன செடிங்கன்னு கேட்டா ரெண்டு நாள் கழிச்சு "ரோஸ்" னு ஒத்த வார்த்தைல பதில் வரும். இன்னொரு பக்கம் இயற்கை உரமா கெமிக்கலான்னு ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள அது கட்சி சண்டையா மாறிடுது, எப்படி அங்க போய் நிக்குதுன்னே புரியல.

மேல பின் பண்ணி வைக்க ஒரு பதிவு எழுதணும். நீளமா எழுதினா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, அது தெரியும். நீங்க வேற வேற குழுல இருக்கீங்க, எது உண்மைலேயே வேலை செய்யுது?

பழையபுலி:
இது புது பிரச்சனை இல்ல தம்பி. யூஸ்நெட்னு அந்த காலத்து இணைய விவாத குழு ஒண்ணு இருந்துச்சு, அங்க வருஷா வருஷம் செப்டம்பர்ல அமெரிக்க காலேஜ்ல சேர்ற புது பசங்களுக்கு கனெக்‌ஷன் கிடைச்சதும் கூட்டமா உள்ள வந்து கண்டபடி எழுதுவாங்க, பழைய ஆளுங்க கண்டிச்சு சொல்லிக்கொடுத்து கொஞ்ச நாள்ல பழக்கிடுவாங்க. 1993 செப்டம்பருக்கு அப்புறம் வீட்டு கனெக்‌ஷன் வச்சிருக்கவங்களும் வர ஆரம்பிச்சதும் புது ஆள் வரத்து நிக்கவே இல்ல, அதான் அதுக்கு முடியாத செப்டம்பர்னு பேரே வச்சாங்க. உங்க குழுக்கும் இப்ப செப்டம்பர் வந்திருக்கு, அவ்ளோதான்.

1995 அக்டோபர்ல ஆர்எஃப்சி 1855 னு ஒரு ஆவணம் வந்துச்சு, இணையத்துல எப்படி நடந்துக்கணும்னு மொத்தமா எழுதி வச்சது. முப்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அதுல பாதி அப்படியே பொருந்தும். பதிவு போடறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசம் சும்மா படிங்கன்னு சொல்லுது (இப்ப ரெண்டு நிமிஷம் படிக்க வைக்கவே முடியல). கோவத்துல பதில் எழுதினா ராத்திரி தாண்டி காலைல அனுப்புங்கன்னு சொல்லுது. எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது, கேள்வி கேட்டு பதில் வாங்கினவர் கடைசில எல்லாத்தையும் சுருக்கி ஒரு பதிவா போடணும்ங்கறது. இத மட்டும் உங்க ஆளுங்க செஞ்சா போதும், அடுத்த வருஷம் அதே கேள்வி பாதியா குறையும். பெரிய எழுத்துல அடிச்சா கத்துற மாதிரின்னும் அதுல இருக்கு, தமிழ்ல பெரிய எழுத்தே கிடையாதுல்ல, அதனால நம்மாளுங்க ஆச்சரியக்குறிய வரிசையா அடுக்கி கத்துறாங்க.

மிளகாய்க்காரன்_ஒசூர்:
ரூல்ஸ் எழுதாதீங்க ப்ரோ, மாதிரி கேள்வி ஒண்ணு எழுதி வைங்க. ரூல்ஸ்ல "விவரமா கேளுங்க" னு போட்டா அவனவன் தான் கேட்டது விவரமாதான்னு நினைச்சுக்குவான். எங்க குழுல இதான் பின் பண்ணிருக்கோம்:

"ஒசூர். மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில். 12 இன்ச் க்ரோ பேக். மிளகாய் செடி, நட்டு ரெண்டு மாசம். ஒரு வாரமா கொழுந்து இலை மேல் நோக்கி சுருளுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. இதுவரைக்கும் எதுவும் அடிக்கல. இலையோட மேல்பக்கம், அடிப்பக்கம், முழு செடி மூணு போட்டோ கீழ இருக்கு."

அஞ்சாறு வரிதான். ஆனா ஏன் அடிப்பக்கம் போட்டோ கேக்கறோம்னா, மிளகாய்ல இலை படகு மாதிரி மேல சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், கீழ் நோக்கி மடிஞ்சு காம்பு நீண்டு போச்சுன்னா சிலந்திப்பேன். ரெண்டுக்கும் வைத்தியம் வேற, சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணில கலந்து அடிக்கற கந்தகத் தூள்) கேக்கும், அதையும் சித்திரை வெயில்ல அடிச்சா இலை கருகிடும். "மிளகா செடி சுருளுது" னு மட்டும் போட்டா பத்து பேர் பத்து மருந்து சொல்லுவான், கேட்டவர் பத்தையும் வாங்கி வரிசையா அடிப்பார், செடி போயிடும், அப்புறம் இந்த குழுவே வேஸ்ட்டுன்னு ஒரு பதிவு வரும்.

ஸ்காபரோ_தோட்டம்:
மேல சொன்ன மாதிரிக் கேள்வியில முதல் சொல்லே ஊர்தான், அதை விட்டிடாதேங்கோ. நான் இருக்கிற குழுவில சென்னை ஆக்களும் இருக்கினம், யாழ்ப்பாணமும் இருக்கு, எங்களைப்போல கனடாவில இருக்கிற ஆக்களும் கனபேர். "தக்காளி எப்ப நடலாம்" எண்டு ஒருத்தர் கேக்க, தமிழ்நாட்டுக்காரர் "ஆடிப்பட்டம் தேடி விதை" எண்டு பழமொழி சொல்லுவார். இஞ்ச ரொறன்ரோவில விக்டோரியா டே, அதாவது மே மாசம் 25க்கு முந்தின திங்கள், அதை ஒட்டித்தான் கண்டுகளை வெளியில வைக்கிறது, அதுக்கு முன்னம் வச்சால் உறைபனி அடிச்சுப்போடும். ஆடிப்பட்டம் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தால் காய் பழுக்க முதல் குளிர் வந்திடும். சொன்னவரிலயும் பிழை இல்லை, கேட்டவர் ஊர் போடேல்லை, அவ்வளவுதான். இப்ப பெயருக்குப் பக்கத்திலயே ஊரைப் போடச்சொல்லி வச்சிருக்கிறம், சண்டை நல்லாக் குறைஞ்சு போச்சு.

வெள்ளரி:
எல்லாரும் கேக்கறவங்களுக்கே பாடம் எடுக்கறீங்க. என்னைக் கேட்டா பதில் சொல்றவங்கதான் குழுவ கெடுக்கறது. புதுசா ஒரு அம்மா கறிவேப்பிலை வளரவே மாட்டேங்குதுன்னு கேட்டா "தேடிப்பாருங்க, நூறு தடவை சொல்லியாச்சு", "இது கூட தெரியாதா", இதுதான் முதல் பதில். தேடிப்பாருங்கன்னு சொல்ற நேரத்துல அந்த பழைய பதிவோட லிங்க்க ஒட்டலாம்ல? அப்புறம் மேல நாலு பேர் வேப்பெண்ணெய் அடிங்கன்னு சொல்லியிருப்பாங்க, அஞ்சாவதா வர்றவரும் ஒண்ணும் படிக்காம "வேப்பெண்ணெய் அடிங்க". அந்த அம்மா திரும்ப வரவே மாட்டாங்க, வந்தாலும் கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, இத கண்டிப்பா போடுங்க. பொம்பளைங்க யாராவது ஒரு பூ போட்டோ போட்டா உடனே இன்பாக்ஸ்ல "ஹாய்", "சாப்டீங்களா டியர்". அக்கா, சிஸ்டர், மேடம் எப்படி வேணா கூப்பிடட்டும், ஆனா பொதுவுல கேக்கற கேள்விய பொதுவுல கேக்கட்டும். நம்பர் எடுத்து மெசேஜ் பண்ணா முதல் தடவையே தூக்கிடுவோம்னு பளிச்சுன்னு எழுதுங்க, எச்சரிக்கை எல்லாம் வேணாம். எங்க குழுல நல்லா தோட்டம் போடற பாதிப் பேர் பெண்கள், இதனாலேயே சத்தம் காட்டாம இருக்காங்க.

பழையபுலி:
வெள்ளரி சொல்றதுல முதல் பாதி எனக்கு முழு சம்மதம் இல்ல. தினமும் ஒரே கேள்விக்கு சிரிச்ச முகமா பதில் சொல்ல இங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. கடுப்பா இருந்தா சும்மா தாண்டிப் போயிடலாம்ங்கறது சரி. இன்பாக்ஸ் விஷயம் நூறு சதவீதம் சரி.

உரக்கடை_மாமா:
நான் பூச்சி மருந்து கடைலதான் உக்காந்திருக்கேன், அதனால ஒண்ணு சொல்றேன். மரியாதைன்னா வணக்கம் நன்றி சொல்றது மட்டும்னு நினைக்காதீங்க. தெரியாத விஷயத்த தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடறதுதான் இருக்கறதுலயே பெரிய அவமரியாதை. ஒரு குழுல கத்தரிக்காய்க்கு மோனோகுரோட்டோபாஸ்ங்கற பூச்சி மருந்த அடிங்க நல்லா கேக்கும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, கீழ இருபது லைக். காய்கறிக்கு அத அடிக்கக் கூடாதுன்னு 2005லயே தடை பண்ணியாச்சுங்க. மாடில வளக்கறத காலைல பறிச்சு மதியம் கொழம்புல போடறவங்க, அந்த பதில நம்பினா என்ன ஆகும்? இதுல இன்னொரு கூத்து, தப்புன்னு நான் எழுதினதுக்கு "உங்க கடை மருந்து விக்கலைன்னு பொறாமையா" ன்னு பதில்.

எங்க கத்துக்கிட்டீங்க, நீங்களே அடிச்சுப் பாத்தீங்களா, இல்ல யாரோ சொன்னதா, அத ஒரு வரி போடச்சொல்லுங்க. அளவு சொன்னா லிட்டருக்கு எவ்ளோன்னு சொல்லணும், "ஒரு மூடி" ங்கறது அளவு கிடையாது, ஒவ்வொரு பாட்டில் மூடியும் ஒவ்வொரு சைஸ்.

கீரைப்பாத்தி:
எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்தத விட நிறைய கிடைச்சிருக்கு. பழையபுலி சொன்னபடி சுருக்கறேன். இதான் பின் பண்ணப் போறேன்:

பேருக்கு பக்கத்துல ஊர் போடுங்க. கேக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற மாதிரி கேள்விய பாத்து அதே மாதிரி கேளுங்க, போட்டோ மூணு. மருந்து, உரம் சொன்னா லிட்டருக்கு எவ்ளோன்னும், நீங்க செஞ்சு பாத்ததா கேள்விப்பட்டதான்னும் சொல்லுங்க. செடி பொழைச்சுதா இல்லையான்னு கடைசில வந்து எழுதுங்க, பதில் வந்ததும் கேள்விய அழிச்சுட்டு போகாதீங்க. அனுமதி கேக்காம யாருக்கும் இன்பாக்ஸ்ல போகக் கூடாது, போனா நீக்கப்படும். குட்மார்னிங் படம் வேண்டாம்.

மிளகாய்க்காரன்_ஒசூர்:
குட்மார்னிங்க முழுசா தடுத்தா பெரியவங்க கோச்சுக்குவாங்க ப்ரோ, எங்க குழுல ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுருக்கோம், அன்னிக்கு யாரு வேணா என்ன வேணா போடலாம், கட்சி மட்டும் கூடாது. மத்த ஆறு நாளும் அமைதியா இருக்கு.

கீரைப்பாத்தி:
அது நல்ல யோசனை, ஞாயிறு விட்டுடறேன். விதை விக்கறவங்க போடற விளம்பரம் பத்தி யாருமே சொல்லலையே, எங்க குழுல தினமும் ரெண்டு மூணு வருது, அதுல சிலது நல்ல நாட்டு விதையும் கூட. அதுக்கு தனி திரி போடறேன், அங்க வாங்க.