புதுப்பிப்பு: வீட்டிலிருந்தே எழுதும் வேலையும் பிள்ளைகளும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் கணவரும் நானும் வீட்டிலிருந்தே முழுநேரமாக வலைப்பதிவு எழுதுவதால் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் ரப்பர் பால்வெட்டுபவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குச் செல்வதைப் போல, வீடு விழிக்குமுன் எழுதி முடியுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. அதிகாலை 4 மணி முதல் 7 மணி வரை நான் எழுதுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் கணவர் எழுதுகிறார். மாலை 4 மணிக்கு இரண்டு மடிக்கணினிகளும் அலமாரிக்குள் போய்விடும். ‘எழுதும் நேரம், தொந்தரவு வேண்டாம்’ என்று அறைக்கதவில் அட்டை தொங்கவிடும் யோசனை பயன்படவில்லை. இளையவள் அதன்மேல் மயில் வரைந்துவிட்டாள்.

எதிர்பாராத சிக்கல் மின்தடைதான். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், ஒரு வாரத்துக்கான பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம்.